எங்கே நின்றார் அந்தப் பீரங்கி வீரர்?

சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்திற்கு ஒருமுறையேனும் சென்றவர்கள் அங்கு நிலவும் ஒழுங்கை மறந்திருக்க மாட்டார்கள். வெட்டிச் சீர் செய்த புல்வெளியில் ஒரே அளவான நினைவுக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற வேறுபாடு அங்கே இல்லை. இரண்டாம் உலகப் போரில் உயிர் நீத்த எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் அம்மண்ணில் துயில்கின்றனர். கவனிப்பாரற்றுப் போகக்கூடும் என அஞ்சப்பட்ட பல ஊர்க் கல்லறைகளிலிருந்து எடுத்து வரப்பட்டு, ஓரிடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டவர்கள் அவர்கள்.

அக்கற்கள் நமக்குச் சொல்பவை மிகச் சில. படை எண், பதவி, பெயர், படையின் சின்னம், இறந்த நாள், வயது ஆகியவற்றோடு, வீட்டார் விரும்பியிருந்தால் ஒரு வரியும் இருக்கும். முதல் உலகப் போருக்குப் பின் குடும்பத்தாருக்கு அந்த வரிக்கென அனுமதிக்கப்பட்ட இடம் 66 எழுத்துகள். ஒரு தாயின் துயரம் முழுவதும் அந்த 66 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டியிருந்தது.

காலாட்படை வீரரின் கல்லைப் பார்த்தால் அவர் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர், எந்த நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர் என்பதை ஓரளவு அறியலாம். பிரிட்டிஷ் பீரங்கிப் படை வீரரின் கல்லிலோ ஒரு பீரங்கியின் உருவமும், அதன்மேல் 'உபிக்வே' என்னும் இலத்தீன் சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கும். 'எங்கும்' என்பது அதன் பொருள். ஏனைய படைப்பிரிவுகள் தாம் வென்ற போர்க்களங்களின் பெயர்களைக் கொடியில் பொறித்துக்கொண்டபோது, பீரங்கிப் படைக்கு இந்த ஒரு சொல்லே விருதாக அளிக்கப்பட்டது. எல்லாப் போர்களிலும் இருந்தவர்களுக்குத் தனித்தனிப் பெயர் எதற்கு என்பது கருத்து. நம் நாட்டுப் பீரங்கிப் படையும் தன் முழக்கத்தைச் 'சர்வத்ர' என்றே தொடங்குகிறது. இதற்கும் எங்கும் என்பதே பொருள்.

படைக்கு அது பெருமை. மாண்டவரைத் தேடிச் செல்லும் பேரனுக்கோ பேத்திக்கோ அதுவே தடை. எங்கும் நின்ற படையில் என் பாட்டனார் எங்கே நின்றார்? யாரோடு நின்றார்? எந்தக் காலையில், எந்த வயலில் வீழ்ந்தார்? இக்கேள்விகளுக்கு விடை காண்பது எவ்வாறு என்பதை, வரலாறு நன்கறிந்த ஒரு மனிதரின் வாழ்வை முன்னிறுத்தி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெயர் தெரிந்த ஒருவர்

அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் ஃபிராஸ்ட் எழுதிய, காட்டில் பிரியும் இரு வழிகளைப் பற்றிய கவிதையை நம் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலப் பாடத்தில் படித்திருப்பர். எந்த வழியில் சென்றாலும் மற்ற வழியில் போயிருக்கலாமே என்று ஏங்கும் தம் ஆங்கில நண்பர் ஒருவரை எண்ணி, சற்றே கேலியாகத்தான் ஃபிராஸ்ட் அதனை எழுதினார். அந்த நண்பரின் பெயர் எட்வர்ட் தாமஸ்.

வேல்ஸ் நாட்டு மரபினரான தாமஸ் 1878 மார்ச் 3 அன்று இலண்டனில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். 1899இல் ஹெலனை மணந்து மூன்று மக்களுக்குத் தந்தையானார். நூல் மதிப்புரைகளும் பயண நூல்களும் எழுதிக் குடும்பத்தைக் காத்த அவர், மனச்சோர்வினால் பல்லாண்டு வருந்தியவர். ஃபிராஸ்ட் தந்த ஊக்கத்தால் 1914 டிசம்பரில் கவிதை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 36. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சுமார் 140 கவிதைகளை எழுதி முடித்தார். அவற்றின் முதல் பெருந்தொகுப்பு நூலாக வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1915 ஜூலையில் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைஃபிள்ஸ்' என்னும் இலண்டன் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். வயது 37. மூன்று பிள்ளைகளின் தந்தை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பயிற்சி முகாமில் இளைஞர்களுக்கு நிலப்படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பணி அவருக்கு வாய்த்தது. ஆங்கில நாட்டுப்புறத்தை ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாகக் கடந்தவருக்குப் பொருத்தமான பணிதான். போர் முடியும்வரை அங்கேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ஆனால் 1916இல் பீரங்கிப் படை அதிகாரியாகப் பயிற்சி பெற விண்ணப்பித்தார். அவ்வாண்டு நவம்பரில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். டிசம்பரில், கடல் கடந்து செல்ல ஆள் கேட்டபோது தாமே முன்வந்தார். 1917 ஜனவரி இறுதியில் அவருடைய பேட்டரி பிரான்சு நாட்டுக்குக் கப்பலேறியது.

அவர் பணியாற்றியது ராயல் காரிசன் ஆர்ட்டிலரியின் 244ஆம் முற்றுகைப் பேட்டரி. 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்சின் அராஸ் நகருக்கு அருகே அவர் மாண்டார். அராசுக்குத் தெற்கே ஆன்யி சிற்றூர் இராணுவக் கல்லறையில், சி வரிசையின் 43ஆம் குழியில் துயில்கிறார்.

இவ்வளவையும் சில வரிகளில் நம்மால் கூற முடிகிறது. ஏனெனில் அவர் அதிகாரி, எழுத்தாளர், அந்த ஆண்டின் முதல் நாளிலிருந்து இறப்பதற்கு முந்திய நாள்வரை நாட்குறிப்பு எழுதியவர், மனைவிக்கும் நண்பர்களுக்கும் மடல்கள் விடுத்தவர். அவருடைய பேட்டரித் தலைவரான ஃபிராங்க்ளின் லஷிங்டன் பிற்காலத்தில் அந்தப் பேட்டரியின் வாழ்வை ஒரு நூலாகவே எழுதினார். ஹெலனும் தம் இல்லற வாழ்வை 1926இலும் 1931இலும் இரு நூல்களாக வெளியிட்டார். அதே பேட்டரியில் குண்டு சுமந்த ஏழைத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவருடைய பேரன் எங்கிருந்து தொடங்குவான்?

பீரங்கிப் படை ஏன் கடினம்?

1899 முதல் 1924 வரை பிரிட்டிஷ் பீரங்கிப் படை மூன்று கிளைகளாக இயங்கிற்று. குதிரைப்படையோடு விரைந்து செல்லும் இலகு பீரங்கிகளைக் கொண்டது ராயல் ஹார்ஸ் ஆர்ட்டிலரி. காலாட்படைக்குப் பின்னே நின்று துணை செய்தது ராயல் ஃபீல்ட் ஆர்ட்டிலரி. கோட்டைகளையும் துறைமுகங்களையும் காக்க ஏற்பட்டு, போர் வளர வளரப் பெரும் ஹவிட்சர்களைப் போர்க்களத்திற்குக் கொண்டு சென்றது ராயல் காரிசன் ஆர்ட்டிலரி. முற்றுகைப் பேட்டரிகள் இந்த மூன்றாம் கிளையைச் சேர்ந்தவை. அவற்றில் வழக்கில் இருந்த 6 அங்குல ஹவிட்சரின் ஒரு குண்டு 45 கிலோ எடை உடையது. 8 அங்குல, 9.2 அங்குலக் குண்டுகள் அதனினும் மிகக் கனமானவை.

காலாட்படையில் ஒரு பட்டாலியன் சுமார் ஆயிரம் பேர் கொண்டது. அதற்கென ஓர் ஊர்ப்புறம், ஒரு பெயர், ஒரு மரபு இருக்கும். முற்றுகைப் பேட்டரி அப்படியன்று. இருநூறு பேருக்குள் அடங்கும் அச்சிறு கூட்டத்திற்கு ஓர் எண்தான் பெயர். அது எந்த ஒரு டிவிஷனுக்கும் நிலையாகச் சொந்தமன்று. தேவை எழும் இடத்திற்கெல்லாம் கனரகப் பீரங்கிக் குழுக்களிடையே மாற்றி அனுப்பப்பட்டது. இன்று ஒரு குழுவின்கீழ் இருக்கும் பேட்டரி அடுத்த மாதம் வேறொரு குழுவின்கீழ் இருக்கும்.

இதற்கு மேலும் சிக்கல்கள் உண்டு. 1917 ஜனவரியில் ஃபீல்ட் ஆர்ட்டிலரி முழுவதும் மறுசீரமைக்கப்பட்டது. பழைய பேட்டரிகள் பல கலைக்கப்பட்டு, ஆறு பீரங்கிகள் கொண்ட பேட்டரிகளாக இணைக்கப்பட்டன. முற்றுகைப் பேட்டரிகளையும் ஆறு பீரங்கிகளாக உயர்த்துவதற்காக, புதிதாக வந்த பேட்டரிகளைப் பிரித்துப் பழையவற்றோடு சேர்த்தனர். ஆகவே ஒரு வீரர் எந்தப் பேட்டரியோடு கப்பலேறினார் என்று தெரிந்தாலும், எந்தப் பேட்டரியில் மாண்டார் என்பது தெரிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. தேடுவோர் பலர் வழி தவறுவது இவ்விடத்தில்தான்.

எரிந்த ஏடுகள்

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பணிக் கோப்பு இருந்தது. அவர் சேர்ந்த நாள், உயரம், தொழில், மதம், மாற்றலான பிரிவுகள், காயங்கள், தண்டனைகள் அனைத்தும் அதில் வரிசையாகப் பதியப்பட்டிருந்தன. முதல் உலகப் போரின் அக்கோப்புகள் இலண்டனில் ஆர்ன்சைட் தெருவிலிருந்த ஒரு காப்பகத்தில் அடுக்கப்பட்டிருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அக்கட்டடம் தீப்பற்றியது. சாதாரண வீரர்களின் கோப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை சாம்பலாயின. ஒரு போரின் நினைவை அடுத்த போர் எரித்துவிட்டது. எஞ்சியவை ஓரம் கருகியும் நீரில் ஊறியும் கிடைத்தன. இன்று அவை கியூ நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கோப்பு எரிந்துபோனவருக்கு என்ன எஞ்சும்? முதலில் பதக்க அட்டை. கடல் கடந்து பணியாற்றிய ஏறத்தாழ எல்லோருக்கும் அது உண்டு. காலாட்படை வீரரின் பதக்கப் பதிவேட்டில் பட்டாலியன் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். பீரங்கி வீரரின் பதிவிலோ பெரும்பாலும் 'ராயல் ஃபீல்ட் ஆர்ட்டிலரி' அல்லது 'ராயல் காரிசன் ஆர்ட்டிலரி' என்பதோடு நின்றுவிடும். மீண்டும் 'எங்கும்' என்ற விடையே கிடைக்கிறது.

அடுத்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு. மாண்டவர்களுக்கு இதுவே முதல் வாயில். பேட்டரி எண்ணோ பிரிகேடு எண்ணோ பல சமயம் இதில் கிடைக்கும்; சில சமயம் கிடைக்காது. கிடைத்தாலும் ஓர் எச்சரிக்கை தேவை. 'பி பேட்டரி, 59ஆம் பிரிகேடு' என்று எழுத வேண்டிய இடத்தில் எண்கள் மாறியிருக்கலாம். வீட்டார் நினைவிலிருந்து எழுதி அனுப்பியது அப்படியே பதிவாகியிருக்கலாம். ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

மூன்றாவது, இறந்த வீரரின் சம்பள நிலுவை யாருக்கு அளிக்கப்பட்டது என்பதைக் காட்டும் கணக்கேடு. தாய்க்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு என்று பவுன், ஷில்லிங், பென்ஸ் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். படிக்கும்போது நெஞ்சு கனக்கும். ஆயினும் இறந்த இடமும், சிற்சில நேரம் பிரிவின் எண்ணும் அக்கணக்கிலிருந்துதான் வெளிப்படுகின்றன.

நான்காவது வழி, படை எண். எண்கள் தொகுதி தொகுதியாக வழங்கப்பட்டன. ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் கிடைத்தன. ஆகவே நாம் தேடுபவரின் கோப்பு எரிந்திருந்தாலும், அவருக்கு முன் எண்ணும் பின் எண்ணும் பெற்றவர்களின் கோப்புகள் தப்பியிருக்கலாம். அவர்கள் எந்தப் பயிற்சி நிலையத்திலிருந்து எந்தப் பேட்டரிக்கு அனுப்பப்பட்டனர் என்று பார்த்தால் ஒரு வழி புலப்படும். இது முடிவான சான்றாகாது என்றாலும், அடுத்து எந்த ஏட்டைத் திறக்க வேண்டும் என்பதை உணர்த்தும். அண்டை வீட்டாரைக் கேட்டு ஓர் ஊரில் உறவினரைக் கண்டுபிடிப்பது போன்ற முறை இது.

ஐந்தாவது, போர் நாட்குறிப்பு. களத்திலிருந்த பிரிவுகள் நாள்தோறும் நடந்தவற்றை எழுதி மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. முற்றுகைப் பேட்டரிகளின் நாட்குறிப்புகள் எல்லாம் தப்பவில்லை. எனினும் அவை சேர்ந்திருந்த குழுக்களின் நாட்குறிப்புகளும், காலாட்படை டிவிஷன்களின் நாட்குறிப்புகளும் துணைக்கு வரும். அதிகாரி இறந்தால் பெயர் எழுதுவார்கள். மற்றவர்கள் இறந்தால் 'ஓ.ஆர்.' என்ற இரண்டெழுத்தும் ஓர் எண்ணிக்கையுமே பெரும்பாலும் இருக்கும். 'ஏனைய பதவியினர்' என்பதன் சுருக்கம் அது. நாம் தேடுபவர் அந்த எண்ணிக்கைக்குள் எங்கோ ஓர் அலகாக நிற்கிறார். நாளும் இடமும் பொருந்தும்போதுதான் அந்த எண்ணுக்கு ஒரு முகம் கிடைக்கிறது.

ஆறாவது, நிலப்படம். போர்க்களப் படங்கள் எழுத்துகளும் எண்களும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அராஸ் பகுதிக்குரிய தாளின் எண் 51 பி. சிதறிக் கிடந்த உடல்களைப் போருக்குப் பின் எடுத்து ஓரிடத்தில் அடக்கம் செய்தவர்கள், ஒவ்வோர் உடலும் எந்தக் கட்டத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்தனர். அக்குறிப்பையும் பேட்டரிகள் நின்ற கட்டங்களையும் ஒப்பிட்டால், பதிவேடுகள் சொல்லாததை மண்ணே சொல்லிவிடும். சிப்பாய்களுக்கு நிலப்படம் பார்க்கக் கற்றுக்கொடுத்த தாமசின் பணி எத்துணைப் பொருள் பொதிந்தது என்று இங்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஆறு வழிகளில் எதுவும் தனித்து நின்று விடை தருவதில்லை. ஒன்று நாளைத் தரும். ஒன்று இடத்தைத் தரும். மற்றொன்று உடன் இருந்தவர்களைத் தரும். மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கும்போது பேட்டரியின் எண் தானே தெளிவாகும்.

உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள்

1917இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 8. அதற்கு இரு நாள் முன்பு, பெரிய வெள்ளியன்று, அமெரிக்கா ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அராசில் பிரிட்டிஷ் படைகள் ஞாயிறன்றே தாக்குவதாக இருந்தது. பிரெஞ்சுத் தளபதிகள் கேட்டுக்கொண்டதால் ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. சுமார் 2,800 பீரங்கிகள் அங்கே குவிக்கப்பட்டிருந்தன. தாக்குதலுக்கு முந்திய நாட்களில் அவை 26 இலட்சத்திற்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன.

244ஆம் பேட்டரி பிப்ரவரி முதல் அப்பகுதியில் இருந்தது. சேறும் பனியும் மிகுந்த அந்நாட்களில் தாமசின் வேலை இருவகைப்பட்டது. ஒன்று, பேட்டரியில் நின்று சுடுவதை மேற்பார்ப்பது. மற்றொன்று, முன்னணிக்கு அருகே ஒரு கண்காணிப்பு நிலையில் அமர்ந்து குண்டுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்துத் தொலைபேசி வழியே திருத்தம் சொல்வது. இடையில் சில நாள் குழுத் தலைமையகத்தில் அலுவலகப் பணிக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே இருந்திருக்கலாம். மீண்டும் பேட்டரிக்கே திரும்பினார். குண்டு முழக்கத்தின் நடுவே அவருடைய நாட்குறிப்பு வானம்பாடிகளையும் கௌதாரிகளையும் பற்றிப் பேசுகிறது.

உயிர்ப்பு ஞாயிறன்று ஒரு ஜெர்மானியக் குண்டு அவருக்கு மிக அருகே வந்து விழுந்து, வெடிக்காமல் போயிற்று. மறுநாள் விடியற்காலை 5.30 மணிக்குப் பனிமழையின் நடுவே தாக்குதல் தொடங்கியது. அன்று காலையே தாமஸ் மாண்டார். வயது 39. அந்தப் போர் மே மாத நடுப்பகுதி வரை நீடித்தது. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், போரிடும் நாடுகளின் தலைவர்களுக்குத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் விடுத்த சமாதான மடலில், இப்போரைப் பயனற்ற படுகொலை என்று குறிப்பிட்டார். யாரும் அவருக்குச் செவிசாய்க்கவில்லை.

காயமற்ற உடலா?

தாமசின் இறப்பைப் பற்றிக் குடும்பத்தினரிடையே நீண்டகாலம் நிலவிய செய்தி இது: குண்டு ஒன்று மிக அருகே பறந்தபோது எழுந்த காற்றதிர்வினால் அவருடைய இதயம் நின்றுபோயிற்று, உடலில் ஒரு காயமும் இல்லை. அவர் பையிலிருந்த நாட்குறிப்பின் தாள்களில் விசித்திரமான வளைவு மடிப்புகள் விழுந்திருந்தன. அவை அந்த அதிர்வின் அடையாளங்கள் என்றனர். நின்றுபோன அவருடைய கடிகாரம் 7.36 மணியைக் காட்டியது என்றும் கூறினர். வாழ்க்கை வரலாறுகள் பலவும் இவ்வாறே எழுதின.

2015இல் ஜீன் மூர்கிராஃப்ட் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு வேறொரு சான்றை வெளிக்கொணர்ந்தது. பேட்டரித் தலைவர் லஷிங்டன் 1936இல் எழுதிய ஒரு மடல் அமெரிக்க நூலகம் ஒன்றில் இருந்தது. ஜெர்மானியரின் சிறு பீரங்கிக் குண்டு ஒன்று தாமசின் மார்பை ஊடுருவிச் சென்றது என்று அதில் அவர் குறித்திருந்தார்.

இவ்விரண்டையும் முன்வைத்து நாம் என்ன சொல்வது? அக்காலத்தில் அதிகாரிகள் விதவைகளுக்கு எழுதிய மடல்களைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். ஏறத்தாழ எல்லோரும் உடனடியாகவே மாண்டனர், யாரும் துன்புறவில்லை. களத்தில் உண்மையில் அப்படி நடக்கவில்லை என்பது அம்மடல்களை எழுதியவர்களுக்கே தெரியும். தம் கணவரின் மார்பு பிளந்ததை அந்தப் பெண்மணி எண்ணி எண்ணி வாழ வேண்டாம் என்ற இரக்கம் அவ்வாறு எழுதச் செய்தது. அதனைப் பொய் என்று இகழ நமக்கு மனம் வரவில்லை. ஹெலன் 1967இல் மறைந்தார். கணவருக்குப் பின் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அந்த ஆண்டுகளில் அச்செய்தி அவருக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்குமாயின், அதைப் பறித்துக்கொள்ளும் உரிமை எந்த வரலாற்றாசிரியருக்கும் இருந்ததில்லை.

ஆனால் ஆறுதல் வேண்டியவர்கள் எல்லாரும் சென்றபின், உண்மைக்கும் ஒரு கடன் உண்டு. காயமற்ற உடல் என்ற கதை நிலைத்துவிட்டால், பீரங்கிப் போர் மனித உடலுக்கு என்ன செய்தது என்பது மறைந்துவிடும். கவிஞர் ஒருவர் காற்று பட்டு மறைந்தார் என்று பேரப்பிள்ளைகள் நம்பினால், போரும் ஓர் அழகிய சோகமாகிவிடும். விதவைக்கு இரக்கம் காட்டுவது அன்பு. பின்தலைமுறைக்கு உண்மையைச் சொல்வதும் அன்பே. எது எப்போது யாருக்கு என்று அறிவதே கடினம். வரலாறு எழுதுபவரும் இக்கடினத்திலிருந்து தப்ப முடியாது.

பெயருக்கு உரியவர்

1914–18 போரில் மாண்ட ஒவ்வொருவரின் வீட்டாருக்கும் பிரிட்டிஷ் அரசு வெண்கலத் தகடு ஒன்றை அனுப்பிற்று. ஒரு கையகல வட்டம். அதில் மாண்டவரின் பெயர் மட்டுமே உண்டு. பதவி இல்லை, படை இல்லை. இறப்பில் எல்லோரும் சமம் என்பதற்காகவே வேண்டுமென்று அவ்வாறு செய்தனர். உடன் வந்த காகிதச் சுருளில்தான் பதவியும் படையும் எழுதப்பட்டிருந்தன. காகிதம் மறைந்து தகடு மட்டும் எஞ்சிய வீடுகள் எத்தனையோ. அங்கே பெயர் இருக்கிறது; மனிதர் எங்கே நின்றார் என்பது இல்லை.

எதிர்ப்புறத்தில் மற்றொரு துயரம். உடல் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. அத்தகையோரின் கற்களில், அவர்களை இறைவன் அறிவார் என்ற பொருள்படும் வாசகத்தைப் பொறிக்கலாம் என்று கூறியவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். 1915இல் லூஸ் போரில் தம் ஒரே மகனை இழந்து, அவன் உடலைத் தேடியவர் அவர். அராஸ் நகரின் நினைவுச் சுவரில் மட்டும் ஏறக்குறைய 35,000 பெயர்கள் உள்ளன. அறியப்பட்ட கல்லறை எதுவும் இல்லாதவர்கள் அவர்கள். பெயரற்ற கற்களும் கல்லற்ற பெயர்களும் ஒரே மண்ணில் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கின்றன. பெயரற்ற ஒரு கல்லில் 'பீரங்கி வீரர் ஒருவர்' என்று மட்டும் தெரிந்து, அதே கட்டத்தில் அதே நாளில் ஒரு பேட்டரி ஒருவரையே இழந்தது என்று ஏடு காட்டினால், நூறாண்டுக்குப் பின்னும் அக்கல்லுக்குப் பெயர் கிடைக்க வழி பிறக்கிறது. பிரிவைத் தேடுவது வெறும் ஆர்வம் அன்று என்பதற்கு இதுவே சான்று.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு ஏடுகளின் மதிப்பு புதிதன்று. திருமணம் பேசும்போது பங்குத்தந்தை திருமுழுக்குப் பதிவேட்டைத் திறக்கிறார். தாத்தாவின் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர், நாள், ஊர் எல்லாம் ஒரே வரியில் கிடக்கின்றன. யாரோ ஒரு குருவானவர் மங்கிய மையில் கவனத்தோடு எழுதி வைத்ததால் இன்று ஒரு குடும்பம் தன் வேரைக் காண்கிறது. கல்லறைத் திருநாளன்று இறந்தோர் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பீடத்தில் வைக்கும் நம் வழக்கமும் இதனோடு சேர்ந்ததே. 'இறந்தவர்கள் அனைவரும்' என்று ஒரே சொல்லில் மன்றாடிவிடலாம். ஆனாலும் நாம் ஒவ்வொரு பெயராக எழுதுகிறோம். 'எங்கும்' என்பது போதாது என்பதை நம் உள்ளம் அறிந்திருக்கிறது.

நம் தமிழ்க் குடும்பங்களிலும் இரு உலகப் போர்களுக்குச் சென்றவர்கள் உண்டு. மதராஸ் சாப்பர்களாகவும், ஓட்டுநர்களாகவும், மருத்துவ உதவியாளர்களாகவும், பின்னாளில் பீரங்கி வீரர்களாகவும் சென்றனர். 1857க்குப் பின் இந்தியர்களுக்கு மலைப் பீரங்கிகள் தவிர வேறு பீரங்கிகள் நீண்டகாலம் ஒப்படைக்கப்படவில்லை. இந்தியரைக் கொண்ட முதல் ஃபீல்ட் பீரங்கிப் பிரிவு 1935 ஜனவரி 15 அன்று பெங்களூரில்தான் எழுந்தது. அந்த வரலாற்றில் பங்கு கொண்டவர்களின் மங்கிய புகைப்படங்கள் சில வீடுகளின் சுவர்களில் இன்னும் தொங்கக்கூடும். தோளில் ஒரு சின்னம், மார்பில் ஒரு பதக்கம், பின்னால் ஓர் அயல்நாட்டுச் சுவர்.

அத்தகைய படம் உங்கள் இல்லத்தில் இருந்தால், தயைகூர்ந்து அதனைக் கீழே இறக்கிப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் வெட்டப்பட்டிருக்கலாம். பழைய மடலின் தலைப்பில் பிரிவின் பெயர் இருக்கலாம். ஓய்வூதியத் தாளில் ஒரு வரி இருக்கலாம். வீட்டில் எஞ்சியிருக்கும் முதியவரிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்: பெயர், எண், பிரிவு, ஊர், நாள். எட்வர்ட் தாமசைத் தேட நூலகங்கள் உண்டு. நம் பாட்டனாரைத் தேட அந்த ஒரு வரியே இருக்கும். அதை எழுதக்கூடியவர்களும் இன்று நாம்தான்.